ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காதவள்

ரதாமேஸுக்குப் பெருமை பேச இந்த உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதை அவன் இருபத்தெட்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தான். நாகுவா ஊரில் ஆள் ஏற்றும் வாடகை பைக் ஸ்டாண்டில் ஆரஞ்சு மேலங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பதினான்கு பேரும் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். புதிதாக ஒருத்தன் ஸ்டாண்டில் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே அதைக் கேட்டாக வேண்டும். சந்தாவிலிருந்துகூடத் தப்பித்துவிடலாம், அதிலிருந்து தப்பிக்க முடியாது.

"பாட்டுக்காரன் வாசல்ல நின்னு கதறுறான். என் பொண்டாட்டி என் வண்டியில ஏறுறா. ஏறினவ ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."

நடந்தது இதுதான். தொண்ணூற்றாறில் தலைநகரிலிருந்து ஒரு கூட்டம் காமிராவோடு வந்து இறங்கியது. உள்ளூர்ப் பாடகன் பெர்சியோ பாடிய, பச்சாத்தா என்ற வகைக் காதல் சோகப் பாட்டு ஒன்று நாடு முழுக்க மதுக்கடைகளில் ஆண்களை அழவைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பாட்டின் பெயர் 'தூசிதான், கண்ணீர் இல்லை'. காதலி வேறொருத்தனோடு பைக்கில் போகிறாள், இவன் வாசலில் நின்று, கண்ணில் விழுந்தது அவள் கிளப்பிய தூசி, வேறொன்றும் இல்லை என்று பாடுகிறான். அதற்கு வீடியோ எடுக்கத்தான் வந்திருந்தார்கள். கதாநாயகியாக வந்த பெண் காலையில் நண்டு தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அவளுக்குத் தலை வாரிவிட வந்த நூரிஸுக்கு அதே மஞ்சள் கவுனை மாட்டி நிறுத்தினார்கள். கவுன் இரண்டு இடத்தில் தையல் விட்டது. காமிராவுக்குத் தெரியாத இடம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. பைக் ஓட்ட ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆளைக் கேட்டார்கள். வரிசையில் முதலில் நின்றவன் ரதாமேஸ்.

இதில் ஒரு சிக்கல். பெர்சியோ அதற்கு முன் ஆறு மாதமாக நிஜமாகவே நூரிஸின் ஜன்னலடியில் கிதாரோடு நின்றுகொண்டிருந்தான். அது ஊருக்கே தெரியும். ஆக, தன்னை விட்டுப் போகிறவளாக நடிக்கத் தன் மனசுக்குப் பிடித்தவளே வந்து நின்றதும் பெர்சியோ அன்று அழுததில் பாதி நடிப்பு இல்லை. ரதாமேஸோ அவளை அதற்கு முன் நாலு தடவை சந்தைக்கு ஏற்றிப் போயிருக்கிறான். நாலு தடவையும் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை.

வாடகை பைக்குக்கு ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிறவன் பின்னால் பார்க்க மாட்டான், பின்னால் இருப்பவர் தோளைத் தட்டினால்தான் வண்டி நிற்கும். அன்று அவள் தட்டவில்லை; என் ஓட்டு பிடித்துப்போய் டைரக்டர் இன்னும் போகச் சொல்லிவிட்டான் என்பான் ரதாமேஸ். தென்னந்தோப்பு முனை வந்தது, தட்டவில்லை. பாலம் வந்தது, தட்டவில்லை. முப்பது கிலோமீட்டர் தாண்டிக் கப்ரேரா ஊர்க் கடற்கரை வந்த பிறகுதான் தட்டினாள். அங்கே தேங்காய்ப்பால் மீன் சாப்பிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது தலைநகரத்து டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினான். மத்தியானச் சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தார்களாம், இவர்கள் வராததில் கோபமாம் என்று நூரிஸ் விளக்கினாள். அன்புள்ள மனுஷன் என்று ரதாமேஸ் நினைத்துக்கொண்டான். நாலாம் மாதம் கல்யாணம்.

டிவியில் அந்த வீடியோ ஓடிய காலத்தில் பைக் நகர்ந்ததுமே அதை வெட்டிவிட்டு, தொகுப்பாளர் சிரித்த முகத்தோடு வந்து நின்றுவிடுவார். அதற்கப்புறம் என்ன என்பதற்கு ரதாமேஸ் சொன்னதுதான் சாட்சி. ஓட்டுகிறவன் பின்னால் பார்க்க மாட்டான் என்ற சட்டத்தையும், பின்னால் இருப்பவள் திரும்பிப் பார்க்கவில்லை என்ற பெருமையையும் அவன் ஒரே மூச்சில் சொல்வான். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று இருபத்தெட்டு வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. அவன் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வருஷம் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த வில்மர் என்ற பையன் அதே பாட்டைப் புதிதாகப் பாடி வெளியிட்டான். அம்மா நாகுவாக்காரி. பத்தே நாளில் இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். பழைய பாட்டை வைத்திருந்த கம்பெனிக்கு உடனே ஞானம் வந்து, எங்கேயோ கிடந்த டேப்பைத் தூசி தட்டி, முழுசாக இணையத்தில் ஏற்றிவிட்டது. வெட்டுவதற்கு ஆள் இல்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் ஃபியோர்தலிசாவின் மளிகைக்கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. ஃபியோர்தலிசா சும்மா எதையும் செய்கிற பெண் இல்லை. பெரிய டிவியைக் கடைக்கு வெளியே தூக்கி வைத்தால் பீர் எவ்வளவு போகும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டாண்டு மொத்தமும் வந்துவிட்டது. ரதாமேஸுக்கு முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. பெர்சியோவும் வந்தான். வெள்ளைச் சட்டை, அன்று காலைதான் மை அடித்த தலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு, பெண்கள் வருவதற்கு முன்னால், நூரிஸின் பார்லருக்குப் போய்த் தலைக்கு மை அடித்துக்கொள்வது அவன் வழக்கம். ஆண்கள் சலூனில் அடித்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். ஊருக்குத் தெரியாதது மாதிரி ஊரும் நடித்தது.

முதலில் புதுசைப் போட்டார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு பங்களா, நீச்சல் குளம். வில்மர் சட்டைப் பொத்தானை ஒன்றுகூடப் போடாமல் குளத்தோரம் நின்று கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பாடினான்.

"தூசின்னு பாடுறான், அங்க தூசியே இல்லையே," என்றான் கொன்ஃபெசோர். ஸ்டாண்டில் ரதாமேஸுக்கு அடுத்த நாற்காலிக்காரன் இவன், டொமினோ ஆட்டத்தில் எதிராளி. "தரைய நக்கலாம் போலிருக்கு."

"கண்ணாடி போட்டவன் கண்ணுல தூசி எப்படி விழும்?" என்று பெர்சியோ கேட்டான். தொழில்முறைக் கேள்வி. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியில் ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பெரிய பைக்கில் வந்தான். நாகுவாவில் ஹெல்மெட்டைப் போலீஸ்காரரே போடுவதில்லை, அதனால் அவன் திருடன் என்று கொஞ்ச நேரம் எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பெண் ஏறினாள், போனாள். பைக் புள்ளியாகிற வரை காட்டினார்கள். அவள் திரும்பவே இல்லை.

ரதாமேஸ் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தான். பையனின் அம்மா இந்த ஊர், கதை எங்கிருந்து போயிருக்கிறது என்று தெரிகிறதல்லவா என்று கேட்டான். என் கதை நியூயார்க் வரைக்கும் போய்விட்டது என்றான். அப்போதே உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். அவன் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் சொன்னான்.

பிறகு பழசு. படம் வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. எல்லோரும் இளைஞர்களாக இருந்தார்கள். தெருவில் தார் இல்லை. குறுக்கே ஓடிய மஞ்சள் நாயைப் பார்த்ததும் கொன்ஃபெசோர், அது எங்க கபித்தான் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான். பெர்சியோ வாசலில் நின்று பாடினான். புதுப் பையனைவிடப் பத்து மடங்கு நன்றாக அழுதான். இருபத்திரண்டு வயசு நூரிஸ் மஞ்சள் கவுனில் வந்து பைக்கில் ஏறினாள். கூட்டத்தில் ஒருத்தன் விசில் அடிக்கப்போய், ரதாமேஸ் முன்வரிசையில் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான். பைக் நகர்ந்தது. டிவியில் இதுவரை காட்டாத இடம் ஆரம்பித்தது. தூசி. தென்னை மரங்கள். மஞ்சள் கவுன் சின்னதாகிக்கொண்டே போனது.

அவள் தலை திரும்பியது. முழு முகமும் தெரிந்தது.

கரண்ட் போய்விட்டது.

இந்த ஊரில் கரண்ட் போவது செய்தியே இல்லை. ஆனால் அன்று போன நேரம் இருக்கிறதே. ஃபியோர்தலிசாவின் கடையில் பேட்டரி உண்டு, ஆனால் அது பீர்ப் பெட்டிக்கு மட்டும். டிவிக்குக் கொடு என்று பதினான்கு பேர் கெஞ்சியும் அவள் அசையவில்லை. சூடான பீரை நீங்களா வாங்குவீர்கள் என்று கேட்டாள்.

"திரும்பினாங்க," என்றான் கொன்ஃபெசோர், மெதுவாக.

"அது காத்து. முடி பறந்துது," என்றான் ரதாமேஸ்.

"காத்துல முடி பறக்கும் மாப்ள. மூக்கு எப்படித் திரும்பும்?"

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். இருபத்தெட்டு வருஷம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள், வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நியூயார்க் பொண்ணு திரும்பல, நாகுவா பொண்ணு திரும்பிட்டா என்று ஒருத்தன் தாளம் போட்டான். அதையெல்லாம் ரதாமேஸ் தாங்கியிருப்பான். பெர்சியோ எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா," என்றான் பெர்சியோ. "கண்ணெல்லாம் தூசி, ஆனா அவ திரும்புனது தெரிஞ்சுது. ஒன் குடும்பத்துல எதுக்குக் குழப்பம்னுதான் இத்தன வருஷமா வாயத் தெறக்கல."

இந்தப் பெருந்தன்மை எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது. ரதாமேஸ் பீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். நடக்கும்போது கணக்குப் போட்டான். இருபத்தெட்டு வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை, ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணி. தன் பெண்டாட்டியின் பத்து விரலும் அந்த மனுஷன் தலையில். கல்யாணமான நாளிலிருந்து அவள் மனசு பின்பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறதோ என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

பார்லர் வீட்டின் முன்னறைதான். கரண்ட் போனதில் அங்கே வேறு பிரளயம். டிரையர் கூண்டுகள் செத்துக் கிடந்தன. அவற்றின் கீழே ஐந்து பெண்கள் தலை நிறைய ரோலரோடு, ஈரம் சொட்ட, மின்சார வாரியத்தின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் எனெய்தா அம்மா. அவள் பேத்திக்கு ஆறு மணிக்குத் தேவாலயத்தில் கல்யாணம். நூரிஸ் ஓர் அட்டையால் அவள் தலைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

ரதாமேஸ் வாசலில் நின்றான். அடுப்படிக்குப் போனான். மூடி வைத்திருந்த வாழைக்காய் மசியலையும் பொரித்த பாலாடைக்கட்டியையும் பார்த்தான். இந்த மனநிலையில் மனுஷன் சாப்பிடுவானா என்று நினைத்துக்கொண்டே பாதியைச் சாப்பிட்டான். பிறகு திரும்பி வந்து, ஐந்து ஈரத் தலைகளுக்கு முன்னால் கேட்டேவிட்டான்.

"நூரிஸ், அன்னைக்கு வண்டியில நீ திரும்பிப் பாத்தியா?"

அட்டை நின்றது. ஐந்து பெண்களும் திட்டுவதை நிறுத்தினார்கள்.

"பாத்தேன்," என்றாள் நூரிஸ்.

இல்லை என்று சொல்வாள், காற்று என்று சொல்வாள், எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானம் பண்ணி வந்திருந்தான். இந்த ஒரு பதிலை மட்டும் அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

"எதுக்கு?" என்றான் கடைசியில்.

"வீடியோவ முழுசாப் பாத்தியா?"

"கரண்ட் போயிருச்சு."

"அப்ப முழுசாப் பாத்துட்டு வந்து பேசு. பாதிக் கதையக் கேட்டுட்டு வந்து நிக்கிறதே ஒனக்குப் பொழப்பாப் போச்சு. தள்ளு, காத்த மறைக்காத."

அவன் தள்ளி நின்றான். போகவும் மனசில்லை, நிற்கவும் முடியவில்லை. எனெய்தா அம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். தொண்ணூற்றாறிலேயே பெர்சியோவுக்கு நல்ல குரல் என்று தேவையே இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தெரு முழுக்கக் கைதட்டல் கேட்டது. கரண்ட் வந்தால் நாகுவா கை தட்டும், வாரியம் ஏதோ நல்லது செய்துவிட்டது மாதிரி. டிரையர்கள் உறுமின. ஆனால் ஒருத்தியும் கூண்டுக்குள் உட்காரவில்லை. ஐந்து பேரும் ரோலரோடு எழுந்து, நேராக மளிகைக்கடையைப் பார்த்து நடந்தார்கள். கல்யாண வீட்டு எனெய்தா அம்மாதான் முன்னால் போனாள். நூரிஸ் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் வந்தாள். எல்லோருக்கும் கடைசியில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரதாமேஸ்.

ஃபியோர்தலிசா விட்ட இடத்திலிருந்து போட்டாள். தலை திரும்பியது, முகம் தெரிந்தது. பெர்சியோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கூட்டம் வாய்விட்டு எண்ணியது. ஒன்று, இரண்டு.

வாசலில் பெர்சியோ நின்றது படத்தின் இடது பக்கம். நூரிஸ் பார்த்துக்கொண்டிருந்தது வலது பக்கம்.

மூன்று என்று எண்ணும்போது அந்த வலது பக்கத்திலிருந்து ஒருத்தன் படத்துக்குள் ஓடி வந்தான். கையில் சிவப்புத் துண்டு. தலைக்கு மேல் அதைச் சுழற்றிக்கொண்டே பைக்கின் பின்னால் ஓடினான். அவனுக்குப் பின்னால் டைரக்டர், ஒரு காலில் செருப்பு இல்லாமல், இரண்டு கையாலும் நில் நில் என்று காட்டிக்கொண்டு. சைகையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பிறவிக் குருடனுக்கும் புரிந்திருக்கும்.

மஞ்சள் கவுன் பெண் அவர்களை நன்றாகப் பார்த்தாள். நாலு என்றது கூட்டம். அவள் முன்பக்கம் திரும்பினாள். ஓட்டுகிறவனின் காதுக்குள் குனிந்து ஏதோ சொன்னாள். பைக் வேகம் எடுத்து, வளைவில் மறைந்தது. சிவப்புத் துண்டுக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கபித்தான் நாய் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் துரத்திப் போனது.

ஃபியோர்தலிசாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"காதுல என்னக்கா சொன்னீங்க?"

நூரிஸ் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அந்த வார்த்தையும் ரதாமேஸின் கதையில் ஒரு பகுதிதான், ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். என் ஓட்டு டைரக்டருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது, இன்னும் போ இன்னும் போ என்று சொல்லிவிட்டான் என்று அவன் அளப்பானே, அது.

"போ, போகச் சொல்றாங்க," என்றான் கொன்ஃபெசோர் கதையிலிருந்து, சத்தமாக.

கடை அதிர்ந்தது. எனெய்தா அம்மா சிரித்த சிரிப்பில் இரண்டு ரோலர் கழன்று உருண்டன. பெர்சியோ இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டார்கள். இடது பக்கம், வலது பக்கம். அவன் கைக்குட்டையை எடுத்து மெதுவாகக் கண்ணைத் துடைத்தான். அதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது, ஏனென்றால் அவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

"தூசி," என்றான் பெர்சியோ.

"தெரியும்ணே," என்றாள் நூரிஸ், சாதுவாக. "அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க. காதோரம் வெளுப்பு விட்டுப்போச்சு."

ரதாமேஸ் வெளியே போய்த் தன் பைக்கின் பக்கத்தில் நின்றான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அழவா, சிரிக்கவா, பதினான்கு பேரையும் கட்டிப்பிடிக்கவா. நூரிஸ் வந்து எதிரில் நின்றாள்.

"இருபத்தெட்டு வருஷமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்க," என்றான்.

"நீ ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீதான் பாக்கல."

"ஓட்டுறவன் பாக்க மாட்டான்."

"அது தெரிஞ்சுதான் சொன்னேன்," என்றாள்.

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். எங்கே என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சீப்பு இடுப்பில் இருந்தபடியே ஏறி உட்கார்ந்தாள். தெரு முனைக்குப் போவதற்குள் பின்னால் கூச்சல் கிளம்பியது. நூரிஸ், என் தலை, ஆறு மணிக்குக் கல்யாணம், நிறுத்துடி என்று எனெய்தா அம்மா கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ரோலர் ஒவ்வொன்றாகத் தெருவில் விழுந்துகொண்டிருந்தது. ரதாமேஸுக்கு இந்தத் தடவை எல்லாம் தெளிவாகவே கேட்டது.

முதுகுக்குப் பின்னால் நூரிஸ் உடம்பைத் திருப்புவது தெரிந்தது. பார்க்கிறாள். மனசுக்குள் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு காதில் மூச்சுப் பட்டது.

"போ," என்றாள். "போகச் சொல்றாங்க."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.